நகத்தில் தட்டுப்பட்ட எட்டு மில்லிசெகண்ட்

(ஒலிப்பதிவின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

ரவுட்டர் பிட் தேர்வு பற்றிப் பேசின எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "அண்ணே, கரண்ட் போய் வந்ததும் ஹோம் பண்ணிட்டு, விட்ட வரியிலேர்ந்து ஓட்டுறேன். ஆனா அந்த இடத்துல ஒரு கோடு விழுது. ஏன்?" சேலத்திலிருந்து ஒருத்தர், காரைக்குடியிலிருந்து ஒருத்தர், மலேசியாவிலிருந்து ஒருத்தர், எல்லாருக்கும் அதே கோடு. இன்னைக்கு முழுக்க அந்தக் கோடு மட்டும்தான். ஏன்னா அதே கோடு எனக்கும் விழுந்தது, அதுவும் விழக்கூடாத இடத்தில்.

புதுசாகக் கேட்கிறவர்களுக்கு ஒரு வரி அறிமுகம். நம்ம பட்டறை கங்கைகொண்ட சோழபுரத்துல, சிதம்பரம் போற ரோட்டோரம். வாசலில் நின்னா கோயில் விமானம் தெரியும். பட்டறைன்னதும் பெரிசா நினைச்சுக்காதீங்க. ஒரு தகர ஷெட், மர வேலை செய்ற ஒரு சிஎன்சி ரவுட்டர், ஒரு ரம்பம், மூணு பேர். நிலைக்கதவு, பூஜை அறைக் கதவு, கட்டில் தலைப்பலகை, இதுதான் தொழில். ஜெயங்கொண்டம், உடையார்பாளையம், மீன்சுருட்டி சுத்துவட்டாரத்துல வீடு கட்டுறவங்கதான் வாடிக்கை.

அன்னைக்கு வந்த வேலை ஒரு தேக்குப் பலகை. நிலைக்கதவுக்கு நடுவுல பொருத்தற கஜலட்சுமி. ஆவணி முகூர்த்தத்துல கிரகப்பிரவேசம், வீட்டுக்காரர் பையன் சிங்கப்பூரிலிருந்து 15 நாள் லீவுல வந்திருக்கார். தேதி நகராது. பலகை 38 மி.மீ கனம், நல்ல முத்தின தேக்கு, நானே பார்த்து எடுத்தது. பெரிய பிட்டை வைத்து முதல் ஓட்டம் முடிச்சாச்சு. அப்புறம் உருண்டை முனை பிட்டை மாட்டி, கடைசி நுணுக்க ஓட்டம் ஒன்பது மணி நேரம். ராத்திரி எட்டு மணிக்குப் போட்டுவிட்டேன்.

ரெண்டு மணி வாக்கில் கரண்ட் போச்சு. கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ் இருக்கு, மோட்டார் டிரைவருக்கு இல்லை. கரண்ட் வந்ததும் வழக்கம்போல ஹோம் பண்ணினேன். ஹோம்னா என்ன? மெஷினுக்குத் தான் எங்க இருக்கோம்னு தெரியாது. ஒரு மூலைக்குப் போய், அங்க இருக்கிற சென்சாரைப் பார்த்து, "இதுதான் பூஜ்யம்" என்று முடிவு பண்ணும். பலகையோட பூஜ்யம் அந்த மூலையிலிருந்து எவ்வளவு தூரம்னு ஏற்கனவே பதிவா இருக்கும். அதனால மூலையைச் சரியா கண்டுபிடிச்சா போதும், மிச்சம் தானா வரும். விட்ட வரியிலிருந்து ஓட்டினேன். காலையில் பார்த்தா அம்சமா இருந்தது. தேய்க்க ஆசாரியைக் கூப்பிட்டேன்.

அவருக்கு அறுபது வயசுக்கு மேல. கண்ணாடி போட மாட்டார். பலகையைப் பார்க்கக்கூட இல்லை. கட்டை விரல் நகத்தை லட்சுமி முகத்துல மேலேர்ந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். "தம்பி, இங்க நகத்துல தட்டுது."

மூக்குக்குக் கீழ, உதட்டுக்கு மேல. முகத்துக்குக் குறுக்கே ஒரு படி. வெளிச்சத்தைச் சாய்ச்சுப் பிடிச்சதும் எனக்கும் தெரிஞ்சது. அப்புறம் பார்க்கப் பார்க்க அதைத் தவிர வேற எதுவுமே தெரியல.

இங்க ஒரு நல்ல தடயம் கிடைச்சது. நான்தான் அதை அப்ப சரியா படிக்கல. அந்தப் படி சமமான இடத்துல இல்லை. பின்னாடி இருக்கிற தட்டைப் பரப்பில் நகம் வழுக்கிட்டுப் போகுது. கன்னத்துச் சரிவு, யானைத் துதிக்கை, தாமரை இதழ் ஓரம், இப்படிச் சரிவு இருக்கிற இடத்துல மட்டும் தட்டுது. ஆழத்துல தப்பு இருந்தா தட்டையான இடத்துலயும் படி விழுந்திருக்கும். அப்ப ஆழம் சரி. பக்கவாட்டில்தான் நகர்ந்திருக்கு. எக்ஸ் அச்சில், ஒரு 0.3 மி.மீ போல.

ஆனா நான் என்ன பண்ணினேன்? எல்லாரும் பண்றதையே பண்ணினேன். கப்ளிங் லூஸா இருக்கும்னு கழட்டி மாட்டினேன். பால் ஸ்க்ரூவை ஆட்டிப் பார்த்தேன். ப்ராக்சிமிட்டி சென்சாரை மாத்தினேன். மூணு நாள் போச்சு. முகூர்த்தத்துக்கு இன்னும் நாலு நாள். வீட்டுக்காரர்கிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன். அவர் திட்டல, "தேதிக்கு வந்துடுமா?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை.

நாலாம் நாள் காலையில்தான் புத்தி வந்தது. டயல் கேஜ் எடுத்து, எக்ஸ் அச்சு ஓரத்துல காந்தத்தால ஒட்டினேன். ஹோம் பண்ணு, குறிப்பிட்ட ஒரு இடத்துக்குப் போ, டயலைப் படி, எழுது. மறுபடி ஹோம். இருபது தடவை. சலிப்பான வேலைதான். ஆனா பேப்பரைப் பார்த்ததும் உட்கார்ந்துட்டேன். ஒரே கட்டளை, ஒரே மெஷின், இருபது தடவையும் இருபது இடம். குறைஞ்சதுக்கும் கூடினதுக்கும் நடுவுல 0.38 மி.மீ.

அப்ப ஹோம் போற வேகம் நிமிஷத்துக்கு 3000 மி.மீ, அதாவது செகண்டுக்கு 50. சும்மா ஒரு யோசனையில் வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு இருபது தடவை ஓட்டினேன். பரவல் 0.19. நிமிஷத்துக்கு 300-க்குக் கொண்டு வந்தேன். 0.04.

இதைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. கப்ளிங் லூஸா இருந்தா, வேகம் பத்தில் ஒண்ணானதும் தப்பும் பத்தில் ஒண்ணாகாது. ஸ்க்ரூ தேய்ஞ்சிருந்தாலும் அப்படித்தான். ஆட்டம்ங்கிறது தூரம், அது வேகத்தைக் கேட்டுக்கிட்டு மாறாது. வேகத்தோட சேர்ந்து தப்பு கூடுது குறையுதுன்னா, அது தூரத்தில் இருக்கிற தப்பு இல்லை, நேரத்தில் இருக்கிற தப்பு. 0.38-ஐ 50-ஆல வகுத்தா 0.0076 செகண்ட். ஏறக்குறைய எட்டு மில்லிசெகண்ட்.

எங்கேயோ ஒரு எட்டு மில்லிசெகண்ட் ஒளிஞ்சிருக்கு. எங்க?

சென்சாரிலிருந்து சாஃப்ட்வேர் வரைக்கும் வழி நெடுக நடந்து பார்த்தேன். ப்ராக்சிமிட்டி சென்சார் எதிரே இரும்பு வந்ததும் மாறும். சாதாரணச் சென்சாரே செகண்டுக்குச் சில நூறு தடவை மாறக்கூடியது, அதனால அதுல போறது ரெண்டு மூணு மில்லிசெகண்டுக்குள்ள. அதுவும் ஒரே வேகத்துல ஒரே பக்கமிருந்து வந்தா ஏறக்குறைய ஒரே அளவு. அடுத்து ஆப்டோகப்ளர். சின்ன விளக்கு எரிஞ்சு, எதிர்ல இருக்கிற டிரான்சிஸ்டர் அதைப் பார்க்கிற சமாச்சாரம். மலிவான ரகம்கூட மைக்ரோசெகண்ட் கணக்குலதான். மில்லிசெகண்டோட பக்கத்துலயே வராது. அடுத்து கன்ட்ரோலர் போர்டு. அங்கேயிருந்து யுஎஸ்பி கேபிள். அப்புறம் கம்ப்யூட்டர்.

யுஎஸ்பி! இதுல ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. யுஎஸ்பியில் சாதனம் தானா வாயைத் திறக்காது. வகுப்புல வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி, கம்ப்யூட்டர் பேரைக் கூப்பிடும், அப்பதான் "உள்ளேன் ஐயா" சொல்லலாம். உங்க சாதாரண மவுஸையே கம்ப்யூட்டர் செகண்டுக்கு 125 தடவைதான் கூப்பிடும். ஆயிரத்தை 125-ஆல வகுங்க. எட்டு.

என்கிட்ட இருந்த போர்டும் அந்த வகைதான். சில போர்டுகளில் ஹோம் சென்சார் சிக்னல் வந்ததும் போர்டே முடிவெடுத்து நிறுத்திடும். அதுல இந்தப் பிரச்சினை வராது. என்னோடது சிக்னலை யுஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பி, கம்ப்யூட்டர் "சரி, இதுதான் பூஜ்யம்"னு சொல்ற ரகம். சென்சார் மாறின அடுத்த கணமே கம்ப்யூட்டர் கூப்பிட்டா தாமதம் பூஜ்யம். இப்பதான் கூப்பிட்டு முடிச்சதுன்னா அடுத்த முறைக்கு எட்டு மில்லிசெகண்ட் காத்திருக்கணும். ரெண்டுக்கும் நடுவுல எது வேணா நடக்கலாம், நம்ம கையில இல்லை. அந்த எட்டு மில்லிசெகண்டில் என் மெஷின் 0.4 மி.மீ நடந்துடுது. லட்சுமி முகத்துல விழுந்தது அதுதான்.

இப்ப முக்கியமான ஒரு வேறுபாடு. தாமதமே கெட்டதுன்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஊர் வழியா ஒரு டவுன் பஸ் தினம் பத்து நிமிஷம் லேட்டா வரும். யாருக்கும் தொந்தரவு இல்லை, எல்லாரும் பத்து நிமிஷம் கழிச்சே வீட்டை விட்டுக் கிளம்புவாங்க. இன்னொரு பஸ் ஒரு நாள் சரியான நேரம், ஒரு நாள் இருபது நிமிஷம் லேட். அதை நம்பி எவனும் வேலைக்குப் போக முடியாது. முதல் பஸ் தாமதம், ரெண்டாவது பஸ் நடுக்கம். ஆங்கிலத்துல ஜிட்டர்னு சொல்றாங்க. ஹோம் சிக்னல் ஒவ்வொரு தடவையும் சரியா எட்டு மில்லிசெகண்ட் லேட்டா வந்தா, பூஜ்யம் எப்பவும் 0.4 மி.மீ தள்ளியே விழும். தினமும் அதே இடத்துல விழற பூஜ்யம் எங்க விழுந்தா என்ன? என் கதவு தப்பிச்சிருக்கும்.

கோயில்லயே இதைப் பார்க்கலாம். ஆடித் திருவாதிரைக் கூட்டத்துல, திருச்சுற்றோட ஒரு கோடியில் நின்னுக்கிட்டு மறு கோடியில் மேளம் அடிக்கிறவரைப் பாருங்க. நூறு மீட்டர் தள்ளி இருந்தா, கை இறங்கினதுக்கு அப்புறம் 0.3 செகண்ட் கழிச்சுத்தான் சத்தம் வரும். இருந்தாலும் தாளம் போடலாம். எல்லா அடியும் அதே 0.3 தள்ளி வருதே. ஒவ்வொரு அடியும் அதன் இஷ்டத்துக்குத் தள்ளி வந்தா தாளம் போட முடியுமா?

இதையே வச்சு ஒரு நேயரோட கேள்விக்கும் பதில் சொல்லிடறேன். "சென்சார் வயர்ல இரைச்சல் வருது, கெபாசிட்டர் போட்டா லேட் ஆகுமாமே, போடலாமா?" பத்து கிலோஓம், 0.1 மைக்ரோஃபாரட் போட்டா சுமாரா ஒரு மில்லிசெகண்ட் தாமதம். ஆனா அது தினமும் வர்ற அதே ஒரு மில்லிசெகண்ட். தாராளமா போடுங்க. ஒரே நிபந்தனை, ஹோம் வேகத்தை அப்புறம் மாத்தாதீங்க. வேகத்தை மாத்தினா அந்த ஒரு மில்லிசெகண்டுக்கு உண்டான தூரம் மாறிடும், பூஜ்யம் இடம் மாறும்.

சரி, கதவு என்னாச்சு. வைத்தியம் காசில்லாத வைத்தியம். ரெண்டு தடவையா ஹோம் பண்றது. முதல் தடவை வேகமா போய் சென்சாரைத் தொடு, அது மூலை எங்க இருக்குன்னு உத்தேசமா தெரியறதுக்கு. கொஞ்சம் பின்வாங்கு. ரெண்டாவது தடவை நத்தை மாதிரி போ. அதுல கிடைக்கிறதுதான் பூஜ்யம். செகண்டுக்கு 1 மி.மீ வேகத்துல எட்டு மில்லிசெகண்ட்னா 0.008 மி.மீ. தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கம். மரத்துக்கு இதுவே ஆடம்பரம். இது நான் கண்டுபிடிச்சது ஒண்ணும் இல்லை. அர்டுயினோவில் ஓடுற ஜிஆர்பிஎல்-லையே பாருங்க. தேடற வேகம் நிமிஷத்துக்கு 500 மி.மீ, உறுதி பண்ற வேகம் 25 மி.மீ, தொடக்கத்துலேயே அப்படித்தான் வச்சிருக்காங்க. என் மெஷினைப் பொருத்தினவர் நேரம் மிச்சம்னு ரெண்டாவது கட்டத்தை அணைச்சு வச்சிருந்தார். ஹோம்ல மிச்சமானது இருபது செகண்ட்.

பலகையைத் தூக்கிப் போடல. 38 மி.மீ கனத்துல இடம் இருந்தது. ஆழத்தை 0.6 மி.மீ இறக்கி, முழு நுணுக்க ஓட்டத்தையும் முதல் வரியிலிருந்து மறுபடி போட்டேன். இந்தத் தடவை டிரைவருக்கும் சேர்த்து ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்கப் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போகவே இல்லை, அது வேற. காலையில் ஆசாரி வந்தார், நகத்தை இழுத்தார், ஒண்ணும் சொல்லாம உப்புத்தாளை எடுத்தார். எனக்கு அது போதும்.

இதோட நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல, பூச்சி கடிச்சிடுச்சு. சாஃப்ட்வேர் எப்பப் பார்க்கும், எப்பப் பார்க்காதுங்கிறது என் கட்டுப்பாட்டில் இருக்கணும்னு லினக்ஸ்சிஎன்சி பக்கம் போனேன். அமெரிக்காவோட தர நிர்ணய ஆய்வகமான நிஸ்ட், 1990-களில் எழுதின கன்ட்ரோலர் அது. அரசாங்கப் பணத்துல எழுதினதால பொதுச் சொத்தா விட்டாங்க, உலகம் பூரா இருக்கிற பட்டறைக்காரங்க எடுத்து வளர்த்தாங்க. இலவசம். ஆனா இது வேணும்னா கம்ப்யூட்டர் நேரம் தவறக்கூடாது.

சாதாரண கம்ப்யூட்டர் நேரம் தவறும். அது வேகமில்லாததால இல்லை, கவனம் சிதறுறதால. வெளியே ஒரு ஃபைலை எழுதும், வைஃபையைக் கவனிக்கும், திரையை வரையும், நடுவுல நம்ம மோட்டாருக்கு ஒரு துடிப்பு அனுப்பும். அந்தத் துடிப்பு கொஞ்சம் பிந்தினா என்ன ஆகும்னு கணக்கு சொல்றேன். என் மெஷினில் 1 மி.மீ நகர 160 துடிப்பு. செகண்டுக்கு 50 மி.மீ போனா 8000 துடிப்பு. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி 125 மைக்ரோசெகண்ட். ஒரு துடிப்பு மட்டும் 60 மைக்ரோசெகண்ட் பிந்தி வந்து, அடுத்தது சரியான நேரத்துக்கு வந்தா, அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது 65 மட்டும். மோட்டாருக்கு, திடீர்னு யாரோ வேகத்தை ரெண்டு மடங்காக்கின மாதிரி இருக்கும். ஸ்டெப்பர் மோட்டார் அதை மன்னிக்காது. ஒரு அடியைத் தவற விட்டுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி போயிட்டே இருக்கும். சொல்லவும் சொல்லாது.

அதனால லினக்ஸ்சிஎன்சி-ல ஒரு சோதனை நிரல் வச்சிருக்காங்க. சரியா இத்தனை மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை எழுப்புன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு பிந்தி எழுப்புதுன்னு அளக்கும். மோசமான ஒரே ஒரு தடவையைக் காட்டும். சராசரியைக் கணக்குல எடுக்கறதில்லை, எடுக்கவும் கூடாது. ஆயிரம் தடவை சரியா வந்து ஒரு தடவை தவறினா அந்த ஒண்ணுதான் பலகையில் விழும். இதை ஓடவிட்டு, பக்கத்துல வீடியோ போடணும், ஜன்னலை இழுத்து ஆட்டணும், பெரிய ஃபைலைக் காப்பி பண்ணணும், எவ்வளவு தொல்லை கொடுக்க முடியுமோ கொடுக்கணும்.

புதுசா வாங்கின மடிக்கணினியில் ஓட்டினேன். முதல் பத்து நிமிஷம் அழகா இருந்தது. அப்புறம் திடீர்னு ஒரு தாவல், சில நூறு மைக்ரோசெகண்ட். மறுபடி அமைதி. மறுபடி தாவல். அப்புறம் என் தங்கச்சி பையன் காலேஜுக்கு வச்சிருந்து, தூக்கிப் போட்டிருந்த பழைய மேசைக் கணினியில் ஓட்டினேன். ராத்திரி முழுக்க விட்டும் 14 மைக்ரோசெகண்டைத் தாண்டல. நாற்பதாயிரம் ரூபாய் மெஷின் தோத்துப்போய், பரண்ல கிடந்தது ஜெயிச்சது. காரணம் இருக்கு. மடிக்கணினி தன் சூட்டையும் பேட்டரியையும் கவனிக்க, இயங்குதளத்துக்கே சொல்லாம அப்பப்ப பிராசஸரைப் பிடுங்கிக்கும். அந்த நேரத்துல லினக்ஸ் இருக்கிறதே யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து அதை நிறுத்தறது ரொம்பக் கஷ்டம். சிஎன்சிக்கு கம்ப்யூட்டர் தேடறவங்க வேகமான மெஷினைத் தேடாதீங்க, அளந்து பார்த்துத் தேடுங்க.

லினக்ஸ் பக்கத்துலயும் நல்ல சேதி. நேரம் தவறாம இயங்க உதவுற பிரீஎம்ப்ட்-ஆர்டி ஒட்டு வேலை இருபது வருஷமா தனியா வெளியேதான் இருந்தது. 2024-ல வந்த 6.12 கெர்னலில் மையத்துக்குள்ளேயே சேர்த்துட்டாங்க. ரோபோ, சிஎன்சி, ஒலிப்பதிவு மூணு கூட்டமும் கொண்டாடினாங்க.

இப்ப என் ஹோம் சென்சாரை கம்ப்யூட்டர் ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை தவறாம பார்க்குது. எட்டு ஒண்ணாச்சு. மெதுவான ரெண்டாவது கட்டத்துல அது 0.001 மி.மீ. டயல் கேஜ் முள்ளு அசையல.

ஆனா ஒண்ணு சொல்லணும். உலோகத்துல வேலை செய்றவங்க இந்த வழியிலேயே போகலை. வேகமா பார்க்கிறதுக்குப் பதிலா, பார்க்க வேண்டிய அவசியத்தையே எடுத்துட்டாங்க. கோயம்புத்தூர்ல ஒரு நண்பர் பட்டறையில் மெஷினிங் சென்டர்ல ஒரு ப்ரோப் வச்சுப் பார்த்தேன். சிவப்புக் கல் வச்ச குச்சி, உலோகத்தைத் தொட்டதும் ஒரு பீப். அதைக் கண்டுபிடிச்சவர் டேவிட் மெக்மர்ட்ரி, ரோல்ஸ் ராய்ஸ்ல வேலை செஞ்சவர். கான்கார்ட் விமான எஞ்சினோட எரிபொருள் குழாய்களை அளக்கறதுக்காக 1970-களின் தொடக்கத்துல செஞ்சது. அப்புறம் 1973-ல ரெனிஷா கம்பெனி ஆரம்பிச்சாங்க. அந்த மாதிரி ஏற்பாட்டில் ப்ரோப் தொட்ட அந்தக் கணத்துலேயே, அச்சு எந்த இடத்துல இருக்குங்கிற எண்ணை ஒரு மின்சுற்று பிடிச்சு வச்சிடும். சாஃப்ட்வேர் எப்ப வேணா வந்து எடுத்துக்கலாம். தபால் முத்திரை மாதிரி. கடிதம் பத்து நாள் கழிச்சு வந்தாலும், எந்தத் தேதியில் போட்டாங்கன்னு உறையிலேயே இருக்கும். சாஃப்ட்வேர் லேட்டா வந்தா லேட்டாத் தெரியும், தப்பாத் தெரியாது. பல அச்சு இருக்கிற பெரிய மெஷின்களில் எல்லா டிரைவரோட கடிகாரத்தையும் ஒண்ணா ஓட வைக்கிறாங்க. 2003-ல பெக்ஹாஃப் கொண்டுவந்த ஈதர்கேட் அந்த வேலையை ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான வித்தியாசத்துல பண்ணுது.

தாமதம் ஒரே மாதிரி இருந்தா ஆபத்தில்லைன்னு சொன்னேன் இல்லையா, அதுக்கு ஒரு விதிவிலக்கு. இது ஹோம் சமாச்சாரம் இல்லை, ஓட்டத்துல வர்றது. சர்வோ மோட்டாரில் கட்டளை ஒரு இடத்துல இருக்கும், மெஷின் கொஞ்சம் பின்னாடி துரத்திக்கிட்டு வரும். எக்ஸும் ஒய்யும் ஒரே அளவு பின்தங்கினா, நேர்க்கோட்டுல ஒரு பாதிப்பும் இல்லை. பாதை சரி, நேரம்தான் கொஞ்சம் பிந்தும். வளைவுன்னா கதை மாறும். எங்க ஊர் பெருமையா நினைக்காதீங்க, உதாரணத்துக்குச் சொல்றேன்: தஞ்சாவூர் விமானத்தோட ஓரம் நேர்க்கோட்டில் ஏறும். ராஜேந்திர சோழன் கட்டின எங்க ஊர் விமானம் உள்வாங்கி வளைஞ்சு ஏறும். ரெண்டு ஓரத்தையும் ஒரு சர்வோ மெஷின் வெட்டுதுன்னு வச்சுக்குங்க. தஞ்சாவூர் கோடு அப்படியே வரும். எங்க ஊர் கோடு வளைவின் உள்பக்கமா சுருங்கும், ஏன்னா பின்தங்கி வர்ற மெஷின் எப்பவும் வளைவைக் குறுக்குவழியில் கடக்கப் பார்க்கும். 25 மி.மீ ஆரமுள்ள வட்டம், செகண்டுக்கு 50 மி.மீ வேகம், 30 மில்லிசெகண்ட் பின்தங்கல்னா, ஆரம் 0.045 மி.மீ குறையும். மரத்துல யாருக்கும் தெரியாது. பேரிங் உட்கார்ற துளைன்னா மெட்டீரியல் ஸ்கிராப். இதுக்கு வைத்தியம் ஃபீட் ஃபார்வர்டு. போகப் போற வேகத்தை முன்கூட்டியே மோட்டாருக்குச் சொல்றது. அதை இன்னொரு நாள் தனியா பேசலாம், இதுக்குள்ள திணிச்சா கெட்டுடும்.

கோடு விழற நேயர்களுக்கு: கப்ளிங்கைக் கழட்டாதீங்க, நான் கழட்டிட்டேன் உங்களுக்கும் சேர்த்து. ஆயிரம் ரூபாய்க்கு ஒரு டயல் கேஜ் வாங்குங்க. ஹோம் இருபது தடவை, வேகத்தைப் பாதியாக்கி இன்னொரு இருபது தடவை. ரெண்டு பரவலையும் எழுதி எனக்கு அனுப்புங்க. பரவல் பாதியானா நாம நேரத்தைப் பத்திப் பேசுவோம். அப்படியே இருந்தா அன்னைக்கு ஸ்பானரை எடுக்கலாம். மலேசியா அண்ணன் ஏற்கனவே முதல் இருபதை அனுப்பிட்டார், 0.41 வந்திருக்கு. அண்ணே, ரெண்டாவது இருபதையும் அனுப்புங்க, அடுத்த வாரம் உங்க எண்ணை வச்சுத்தான் ஆரம்பிக்கப் போறேன்.